நடுநிலைப் பிரசவம்

"நீங்களே சொல்லுங்க டாக்டர். நான் என்ன பண்ணட்டும்?"

மணி அடித்தது.

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். அறையின் மூலையில் சுவரை ஒட்டி ஒரு சின்ன மேசை. மேசை மேல் ஒரு பித்தளை மணி, ஒரு பதிவேடு, கூராகச் சீவிய இரண்டு பென்சில்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவர் மணியின் நாக்கைப் பிடித்து அடக்கிவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

"எச்சரிக்கை ஒண்ணு," என்றார். "தாய், ஆலோசனை கேட்டார். டாக்டர் இன்னும் பதில் சொல்லல. அதனால டாக்டர் மேல குத்தமில்ல."

"டாக்டர்கிட்ட ஆலோசனை கேக்கக் கூடாதா சார்?"

"தாராளமா கேக்கலாம். அது உங்க உரிமை. அவங்க சொல்லாம இருக்கணும். அது அவங்க கடமை."

டாக்டரம்மா வாய் திறக்கவில்லை. கண்ணுக்குக் கீழே முழுவதும் முகக்கவசம். உதடு எந்தப் பக்கம் போகிறது என்று தாய்மார்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, அங்கே எல்லோரும் எந்நேரமும் அதைப் போட்டிருந்தார்கள். ஆனால் டாக்டரம்மாவின் இடது தோள் அரை அங்குலம் ஏறியது.

தையல்காரி அதைக் கவனித்தாள். அளவு எடுக்க வந்து நிற்பவர்களின் தோளைப் பதினெட்டு வருஷமாகப் பார்ப்பவள். சொல்ல வந்ததை விழுங்குகிறவர்களுக்குத் தோள் இப்படித்தான் ஏறும். அவர்களுக்குச் சட்டை தைத்தால் காலர் ஒரு பக்கம் தூக்கும். கேட்டால் தையல் சரியில்லை என்பார்கள்.

அவளுக்கு எட்டாவது மாதம் முடிந்திருந்தது. முதல் பிள்ளை, பெண், நாலு வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஆஸ்பத்திரியில் வயிற்றை வெட்டி எடுத்தது. இரண்டாவதைத் தானாகப் பெறலாமா, மறுபடி வெட்டித்தான் எடுக்க வேண்டுமா? இதைக் கேட்கத்தான் வந்தாள். இந்த ஆஸ்பத்திரி பிரசவத்துக்கே பேர் போனது என்று சொல்லியிருந்தார்கள்.

பேர் போனது உண்மைதான். ஒரு காலத்தில் வந்தவர்களையெல்லாம் வெட்டுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். தலைவரை மாற்றினார்கள். புதியவர் யாரையும் வெட்டவில்லை. காத்திருக்க வைத்தே கொல்கிறார்கள் என்று அதே பத்திரிகையில் எழுதினார்கள். மூன்றாவதாக வந்த தலைவர் இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். இரண்டிலும் ஒரே தவறு இருப்பதைக் கண்டுபிடித்தார். யாரோ யாரிடமோ எதையோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஆறு வருஷமாக அங்கே யாரும் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை.

மூலையில் இருந்தவரின் பதவி நடுநிலை அலுவலர். நர்ஸ்கள் மணிக்காரர் என்பார்கள். அவருக்கும் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

"விளக்கம் ஆரம்பிக்கலாம்," என்றார் மணிக்காரர்.

தரையில் இரண்டு மஞ்சள் வட்டங்கள் வரைந்திருந்தன. தாயின் நாற்காலி சரியாக நடுவில். டாக்டரம்மா இடது வட்டத்தில் போய் நின்றார். நான்கு நிமிஷம். தானாகப் பிறந்தால் தாய் சீக்கிரம் எழுந்து நடப்பார், ரத்தப்போக்கு பெரும்பாலும் குறைவு, அடுத்த பிள்ளைக்கும் சிக்கல் குறையும். முன்னால் ஒருமுறை வெட்டியிருந்தாலும் முயற்சி செய்பவர்களில் நூறுக்கு எழுபது பேருக்கு நடந்துவிடும். ஆனால் இருநூறில் ஒருவருக்கு, வலி எடுக்கும்போது பழைய தழும்பு விட்டுவிடலாம். விட்டால் தாய், பிள்ளை இரண்டுக்கும் ஆபத்து. நிமிஷக் கணக்கில்.

"தழும்பு எப்படி இருக்குங்கறதைப் பொறுத்து அது மாறும். ஸ்கேன்ல பாத்தேன். உங்க விஷயத்துல..."

மணி.

"'உங்க விஷயம்' கிடையாது டாக்டர்," என்றார் மணிக்காரர். "தாய்மார்கள்னு பன்மையிலதான் பேசணும். விதி பதினாலு. எச்சரிக்கை ரெண்டு."

டாக்டரம்மாவின் தோள் ஏறி, அப்படியே நின்றது. வலது வட்டத்துக்குப் போனார். நான்கு நிமிஷம். நாள் குறித்துச் செய்யலாம், வலியில் தழும்பு விடும் பயம் அநேகமாக இல்லை. ஆனால் ஆற நாளாகும், புண்ணில் சீழ் பிடிக்கலாம், அடுத்தடுத்து வெட்டினால் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளலாம். நேரம் முடிந்தபோது டாக்டரம்மாவின் வாய் பாதியில் நின்றது, கவசம் உள்ளே இழுத்துக்கொண்டதிலிருந்து தெரிந்தது.

"ரெண்டு பக்கமும் நாலு நாலு நிமிஷம்," என்றார் மணிக்காரர். "ஒரு விநாடி கூடக் குறைய இல்ல. இவ்ளோ நியாயமான ஆஸ்பத்திரிய நீங்க எங்கயும் பாக்க முடியாது."

இரண்டு கையேடு கொடுத்தார். இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே எடை. இரண்டிலும் அட்டையில் ஒரு தாய் சிரித்தாள். ஸ்கேல் வைத்து அளந்துதான் அச்சடித்தோம், இரண்டு சிரிப்பும் முப்பத்தெட்டு மில்லிமீட்டர் என்றார். ஒன்றில் பதினொரு ஆபத்து இருந்தது. இன்னொன்றில் ஒன்பதுதான் தேறியது போலிருக்கிறது. பத்தாவதாக 'பக்கத்துப் படுக்கைக்காரர் குறட்டை விடலாம்' என்றும், பதினொன்றாவதாக 'அன்று மழை பெய்யலாம்' என்றும் போட்டிருந்தார்கள்.

எது எந்தக் கையேடு என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். சுகப்பிரசவம் என்ற சொல்லை எப்போதோ எடுத்துவிட்டார்கள். அதில் சுகம் இருந்தது. ஆபரேஷன் என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். அதில் பயம் இருந்தது. வழி அ, வழி ஆ என்று வைத்தார்கள். அ முன்னால் வருகிறதே, அது சாய்வு இல்லையா என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மேலும் மூன்று கூட்டம் போட்டு அதையும் தீர்த்தார்கள். காலையில் அ என்றால் தானாகப் பிறப்பது, ஆ என்றால் வெட்டி எடுப்பது. பகல் பன்னிரண்டுக்குச் சங்கு ஊதும். அதிலிருந்து அ என்றால் வெட்டி எடுப்பது, ஆ என்றால் தானாகப் பிறப்பது.

"காலைல அ-ன்னு எழுதிக் குடுத்தவங்களுக்கு மத்தியானம் பிரசவமானா?" என்று தையல்காரி கேட்டாள்.

"சங்கு ஊதினதும் புதுப் படிவம் எழுதிக்கணும். பத்து நிமிஷ வேலை. எழுதலன்னா பழைய படிவத்துல இருக்கற எழுத்துதான் செல்லும்."

"அதுல தப்பு நடந்ததில்லையா?"

"தப்புன்னு சொன்னா அது ஒரு கருத்து," என்றார் மணிக்காரர்.

வெளியே அவளுடைய நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். துணைக்கு வந்தவள். உறவினர் கூடத்தில் இடது பக்கம் ஒரு பெஞ்சு, வலது பக்கம் ஒரு பெஞ்சு. வாசலில் காவலர் கேட்டிருக்கிறார்.

"உங்களுக்கு எப்படிம்மா பொறந்துச்சு?"

"மூணும் தானாத்தான் பொறந்துச்சு. ஏன்?"

"அப்ப இடது பெஞ்சு."

"எனக்கு வலது பக்கந்தான்யா காத்து வருது."

காவலர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியிருக்கிறார். "அது ஆபரேஷன் பெஞ்சும்மா."

"பெஞ்சுக்கு யாருய்யா ஆபரேஷன் பண்ணது?"

அது மட்டுமில்லை. வலது பெஞ்சில் நாலு பேர்தான் இருந்தார்கள். இடது பெஞ்சிலும் நாலு பேர். ஐந்தாவதாக நாத்தனார் உட்கார வேண்டுமென்றால் வலது பக்கத்துக்கும் ஒருத்தி வர வேண்டும். ஒன்றரை மணி நேரம் நின்றாள். அதற்குள், எனக்குக் கருத்து எதுவும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்தும் கேட்டார்கள்.

"எனக்கா கருத்து இல்ல?" என்றாள் நாத்தனார். "என் தம்பியக் கேட்டுப் பாருங்கடா."

தையல்காரியைச் சிந்தனை அறைக்கு அனுப்பினார்கள். இருபது நிமிஷம். தனியாக. ஜன்னல் கிடையாது, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வந்துவிடும் என்பதால். கூரையின் நடுவில் ஒரு விளக்கு.

அவள் யோசித்தாள். முதல் பிரசவத்துக்குப் பிறகு இரண்டு மாதம் மெஷின் பெடலை மிதிக்க முடியவில்லை. இப்போது வீட்டில் நாலு வயசுக்காரி இருக்கிறாள், தூக்கச் சொல்லி அழுவாள். நூறுக்கு எழுபது. இருநூறில் ஒன்று. பழைய துணியில் போட்ட தையல் தாங்குமா என்று அவளிடம் வாடிக்கைக்காரர்கள் கேட்பார்கள். துணியைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்வாள். இதைத் தொட்டுப் பார்த்தவர் டாக்டரம்மா ஒருத்தர்தான். அவர் சொல்ல மாட்டார்.

அப்போது காலை பதினொன்று. அ என்று எழுதிக் கொடுத்தாள்.

*

மூன்றாம் வாரம் ஒரு நாள் விடிந்ததும் வலி எடுத்தது. வாசலில் மறுபடி ஒரு படிவம். காலை ஏழு பத்து. அ.

பிரசவ அறையிலும் மூலையில் ஒரு மேசை, ஒரு மணி. அன்றைக்கு அதே மணிக்காரர். அவளுடைய கணவனைத் தலைமாட்டில் நிற்க விட்டார்கள். பஸ் ஓட்டுபவன். அரசாங்கச் சீல் வைத்த எதைப் பார்த்தாலும் கை தானாகக் கட்டிக்கொள்ளும். தலைமாட்டின் நடுவில் நிற்க வேண்டும் என்றார்கள். நடுவில் நின்றான்.

வயிற்றில் பட்டை கட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெட்டியில் பிள்ளையின் துடிப்பு எண்ணாக ஓடியது. நூற்று நாற்பது. நூற்று நாற்பத்திரண்டு. தாள் ஒன்று மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் ஒருத்திக்குப் பிள்ளை தலை காட்டிவிட்டது. நர்ஸ் மட்டும் இங்கிருந்து தெரிந்தாள்.

"சிஸ்டர், என்ன பண்ணணும், சொல்லுங்க," என்று அந்தப் பக்கம் இருந்தவள் கதறினாள்.

"இந்த நிமிஷம் முக்கறதும் முக்காம இருக்கறதும் உங்க விருப்பம்மா," என்றாள் நர்ஸ். முக்குங்க என்று சொன்னால் தூண்டுதல். சொல்லிவிட்டு, நர்ஸ் தன் மூச்சை அடக்கிக் கண் பிதுங்கத் தானே முக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. அந்தப் பக்கத்தில் இருந்தவள் அதைப் பார்த்து முக்கினாள். மணிக்காரர் மணிமேல் கை வைத்தபடி யோசித்தார். முகத்தைப் பற்றித்தான் விதி இருந்தது, கழுத்தைப் பற்றி இல்லை. கையை எடுத்துவிட்டார்.

பிள்ளை அழுதது. தையல்காரிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பதினொன்று நாற்பதுக்கு அவளுக்கு ஒரு வலி வந்து போனது. போனதும் வயிறு தளர்ந்தது. அதுவரை அப்படித்தான், வரும், இறுக்கும், போகும். இந்த முறை எல்லாம் போன பிறகும் அடிவயிற்றில், பழைய தழும்பு இருந்த இடத்தில், ஒன்று மட்டும் போகவில்லை. மெல்லிய, நீளமான வலி. அவளுக்கு அது தெரியும். இழுத்துப் பிடித்த துணியில் தையல் முதல் கண்ணி விடும்போது கைக்குத் தெரிந்துவிடும். சத்தம் பிறகுதான் வரும்.

"சிஸ்டர்," என்றாள். "தையல் விடுது."

நர்ஸ் தாளை எடுத்துப் பார்த்தாள். பெட்டியில் நூற்றுப் பதினெட்டு. நர்ஸ் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

மணிக்காரர் பென்சிலை எடுத்தார். "தையல் விடுதுங்கறது உங்க வலியாம்மா, கருத்தா?"

"என்னது?"

"வலின்னா மூணாம் பத்தியில எழுதணும். கருத்துன்னா ஏழாம் பத்தி."

"சார்," என்றான் கணவன். கை கட்டியபடியே இருந்தது. "எதுல வேணாலும் எழுதிக்குங்க சார். டாக்டரக் கூப்புடுங்க."

டாக்டரம்மா வந்துவிட்டார். தழும்பின் மேல் இரண்டு விரல் வைத்தார்.

"இங்கயா?"

"அங்கதான்."

"வலி நின்னப்பறமும் இருக்கா?"

"நிக்கவே இல்ல டாக்டர்."

பெட்டியில் தொண்ணூற்றாறு. டாக்டரம்மாவின் தோள் இரண்டும் ஏறிக் காதருகே நின்றன. தையல்காரி அதைப் பார்த்தாள். இதுவரை ஒரு தோள்தான் ஏறியிருந்தது.

"படிவத்தை மாத்தணும்," என்றாள் தையல்காரி. "என்னை வெட்டுங்க."

"யார் சொல்லிக் கேக்கறீங்க?" என்றார் மணிக்காரர்.

"என் வயிறு சொல்லுது."

"வயிறு ஆஸ்பத்திரி ஊழியர் இல்ல. அதனால ஆட்சேபம் இல்ல." எழுதிக்கொண்டார். "வழி மாத்தணும்னா சிந்தனை அறை. இருபது நிமிஷம். தனியா."

"தனியாவா? இவளால எந்திரிக்கவே முடியாது சார்," என்றான் கணவன்.

மணிக்காரர் கெட்ட மனுஷர் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கண் மலர்ந்தது.

"அட, எதுக்குங்க மாத்தணும்? இப்ப பதினொன்னு நாப்பத்தெட்டு. பன்னெண்டு நிமிஷத்துல சங்கு ஊதும். ஊதிட்டா அ-ங்கறதே வெட்டி எடுக்கறதுதான். கையெழுத்து வேணாம், யாரும் யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம். படிவம் தானா மாறிக்கும். விதி எவ்ளோ கருணையா இருக்கு பாருங்க."

எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பெட்டியில் எண்பத்திரண்டு. எழுபத்தாறு. நர்ஸ் பெட்டியைத் தட்டினாள், எண் தவறாக இருக்கலாம் என்பதுபோல. எழுபத்திரண்டு.

கடிகாரத்தின் பெரிய முள் ஒரு கோடு நகர்ந்தது.

டாக்டரம்மா கையைக் காதருகே கொண்டுபோனார். முகக்கவசத்தைக் கழற்றினார். தையல்காரி அந்த வாயை முதல்முறையாகப் பார்த்தாள். சாதாரண வாய். கீழுதட்டில் பல் பதிந்த தடம் இருந்தது, பழைய தடம்.

"கேளும்மா. உள்ள தழும்பு பிரியுது. பிள்ளைக்கு மூச்சு பத்தல. பன்னெண்டு நிமிஷம் அதுகிட்ட இல்ல. இப்பவே வெட்டி எடுக்கணும். இதுதான் என் கருத்து. சரியா?"

மணி அடித்தது.

"சரி," என்றாள் தையல்காரி.

மணி நிற்கவில்லை. கருத்து தொடரும்வரை மணி தொடர வேண்டும் என்பது விதி. படுக்கையின் சக்கரப் பூட்டைக் கணவன் காலால் தட்டிவிட்டான். கட்டியிருந்த கை எப்போது அவிழ்ந்தது என்று அவனுக்கே தெரியாது. டாக்டரம்மா முன்னால் இழுக்க, நர்ஸ் பின்னால் தள்ள, படுக்கை ஓடியது. மணிக்காரர் ஒரு கையில் பதிவேடு, ஒரு கையில் மணியோடு அடித்துக்கொண்டே கூட ஓடினார்.

நடைபாதை முழுக்க ஆட்கள். தண்ணீர்க் குடம் வைத்திருந்தவர்கள், சக்கர நாற்காலிகள், துடைப்பக்காரர். மணிச் சத்தம் கேட்டு, வழிவிடச் சொல்கிறார்கள் என்று நினைத்து எல்லோரும் சுவரோரம் ஒட்டிக்கொண்டார்கள். "தள்ளு, தள்ளு, மணி அடிக்குது பாரு," என்று யாரோ கத்தினார்கள். நடைபாதை துணி வகிர்ந்ததுபோல் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. ஆறு வருஷத்தில் அந்த மணி யாருக்காவது உதவியது அன்றைக்குத்தான்.

அறுவை அறையின் கதவு மூடியது. வெளியே மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூக்கில் எதையோ வைத்தார்கள். மணி தூரத்துக்குப் போயிற்று.

*

கண் விழித்தபோது நர்ஸ் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு," என்றாள். "அழக் கொஞ்சம் லேட்டாச்சு. இப்ப நல்லாத்தான் அழுவுது. வெளிய வரைக்கும் கேக்குது."

"எத்தன மணிக்கு?"

"பதினொன்னு அம்பத்தெட்டு."

தையல்காரி இரண்டு விரலை மடக்கினாள். "பன்னெண்டு வரைக்கும் இருந்திருந்தா?"

நர்ஸ் மூலையைப் பார்த்தாள். மேசை காலியாக இருந்தது. குனிந்து காதருகே சொன்னாள்.

"இருந்திருக்காது."

பதிவேட்டில் வேறு மாதிரி எழுதினார்கள். படிவத்தில் இருந்தது அ. பிறந்தது பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் முன்னால். எனவே பிள்ளை தானாகப் பிறந்தது. கட்டு மாற்றும் அறைக்குப் போனபோது அங்கிருந்தவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தானாப் பெத்தவங்களுக்குக் கட்டு மாத்தறது இல்லையேம்மா."

தையல்காரி புடவையை விலக்கிக் காட்டினாள்.

"இருக்கு," என்று ஒப்புக்கொண்டார். "நல்லாவே இருக்கு. ஆனா சீட்டுல இல்லையே."

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் கடிதம் வந்தது. டாக்டரம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கருத்துச் சொன்னது நிரூபணமானால் நிரந்தரமாக நீக்குவார்கள். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் அவள் நேரில் வந்து வாக்குமூலம் தர வேண்டும்.

"போயி, அந்தம்மா தங்கமானவங்கன்னு சொல்லிட்டு வா," என்றாள் நாத்தனார். "நானும் வரேன்."

"அப்படிச் சொன்னா ஆகாதாம் அண்ணி." தையல்காரி கடிதத்தின் பின்பக்கத்தைப் படித்தாள். "டாக்டருக்கு ஆதரவாப் பேசினா, அவங்க பண்ண சாய்வு என்கிட்ட இன்னும் ஒட்டிட்டிருக்குன்னு அர்த்தமாம். அது ரெண்டாவது குத்தமா அவங்க மேலயே ஏறும்."

"எதிராப் பேசினா?"

"அன்னைக்கே நீக்கிடுவாங்க."

"பேசாமலே இருந்தா?"

"பேசாம இருந்தா முதல் குத்தத்துக்குச் சம்மதம்னு எடுத்துக்குவாங்க."

நாத்தனார் முதல்முறையாகக் கருத்து எதுவும் சொல்லவில்லை. பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

அன்று மத்தியானம் பிள்ளை தூங்கியதும் தையல்காரி அளவு வெட்டும் பழுப்புத் தாளில் இரண்டு துண்டு எடுத்தாள். ஸ்கேல் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்கு வெட்டினாள். வயிறு இழுத்தது. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

*

விசாரணை அறையில் நீள மேசை. நடுவில் தலைவர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு உறுப்பினர். மேசையின் ஓரத்தில் மணிக்காரர், மணியோடு. எதிரே ஒரு நாற்காலியில் டாக்டரம்மா, மறுபடி முகக்கவசத்தோடு. தோள் அதே இடத்தில் இருந்தது.

தலைவர் எழுந்தார்.

"இந்தத் தாயும் பிள்ளையும் உயிரோட இருக்காங்க. சந்தோஷம். ஆனா அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாத விஷயம். ஆறு வருஷமா இந்தக் கட்டடத்துல யாரும் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்ல. சரியாவும் சொன்னதில்ல. அதுதான் நம்ம பெருமை. எனக்கே நெஞ்சு வலி வந்தப்ப நான் என்ன பண்ணேன்? இங்க பாக்கல. வேற ஆஸ்பத்திரிக்குப் போய், அங்க இருந்த டாக்டர் சொன்னபடி கேட்டேன். ஏன்? நம்ம டாக்டருங்க நடுநிலையக் கெடுக்க நானே காரணமா இருக்கக் கூடாதுன்னு." உறுப்பினர்கள் தலையை ஆட்டினார்கள். "வெறும் பன்னெண்டு நிமிஷம். பொறுத்திருந்தா விதி பிழைச்சிருக்கும்."

உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல எங்களுக்குன்னு கருத்து கிடையாது. எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்ல. நீங்க சொல்றத எழுதிக்குவோம், அவ்ளோதான். சொல்லுங்கம்மா."

தையல்காரி எழுந்தாள். இரண்டு பழுப்புத் தாளையும் மேசைமேல் விரித்தாள். மணிக்காரர் எட்டிப் பார்த்தார். விளிம்பும் விளிம்பும் சரியாக ஒத்துப்போயின. அவருக்குப் பிடித்திருந்தது.

"ரெண்டு வழி இருக்குங்க," என்றாள். "வழி அ, நீக்கறது. வழி ஆ, வெச்சுக்கறது."

இடது பக்கம் நகர்ந்து நின்றாள். கடிகாரத்தைப் பார்த்தாள். "டாக்டர்கள நீக்கினா, விதி பிழைக்கும். மத்த டாக்டருங்க யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. பத்திரிகையில ஒண்ணும் வராது. ஆனா அடுத்து ஒருத்திக்குத் தழும்பு பிரிஞ்சா, கடிகாரந்தான் வைத்தியம் பாக்கணும். அன்னைக்கு மழை பெய்யலாம்."

"இந்த டாக்டரப் பத்திச் சொல்லுங்கம்மா," என்றார் ஒரு உறுப்பினர்.

"பன்மையிலதான் பேசணும்," என்றாள் தையல்காரி. "விதி பதினாலு."

மணிக்காரர் தன்னையறியாமல் ஆமாம் என்று தலையசைத்தார்.

நான்கு நிமிஷம் முடியும்வரை சும்மா நின்றாள். தையல் பக்கம் சுருக்கென்றது. மேசையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வலது பக்கம் நகர்ந்தாள்.

"டாக்டர்கள வெச்சுக்கிட்டா, விதி சாகும். மத்தவங்களும் பேச ஆரம்பிச்சிடுவாங்க. பத்திரிகையில எதையாவது எழுதுவாங்க. தாய்மாருங்க பிழைப்பாங்க, அவங்க பெத்ததும் பிழைக்கும். அன்னைக்கும் மழை பெய்யலாம்."

மறுபடி நான்கு நிமிஷம். வந்து நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தலைவர் ஒரு தாளைப் பார்த்தார். இன்னொரு தாளைப் பார்த்தார். இரண்டையும் கையில் எடுத்து எடை பார்ப்பவர்போல் தூக்கிப் பிடித்தார். உறுப்பினர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஆறு வருஷத்தில் அவர் முன்னால் ஒரு முடிவு வந்து உட்கார்ந்தது இல்லை.

"அதெல்லாம் சரிம்மா," என்றார் கடைசியில். குரல் கெஞ்சியது. "நீங்களே சொல்லுங்க. நாங்க என்ன பண்ணட்டும்?"

தையல்காரி கையை நீட்டினாள். மணியை எடுத்து அடித்தாள்.

மணிக்காரரின் கை பழக்கத்தில் பென்சிலை எடுத்துவிட்டது. "எச்சரிக்கை ஒண்ணு," என்று எழுதிக்கொண்டே சொன்னார். "தலைவர், ஆலோசனை கேட்டார்." எழுதி முடித்த பிறகுதான் எழுதியதைப் படித்தார். ஆனாலும் அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை. அவர் நேர்மையானவர். "முடிவு எடுக்கணும்னா சிந்தனை அறைங்க ஐயா. இருபது நிமிஷம். ஒவ்வொருத்தரும் தனித்தனியா."

மூன்று பேரும் எழுந்து போனார்கள். அறை ஒன்றுதான் இருந்தது. யார் முதலில் போவது என்று வாசலில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் பெயரை முதலில் சொன்னாலும் அது சாய்வு. யாரும் சொல்லவில்லை. அப்படியே நின்றார்கள். மணிக்காரர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். மணியை எடுத்துப்போக மறந்துவிட்டார்.

விசாரணை அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். முடிவு வரும்வரை டாக்டரம்மாவுக்கு வேலைத் தடை இருந்தது, ஆனால் அதை நினைவூட்ட அங்கே யாரும் இல்லை. டாக்டரம்மா முகக்கவசத்தைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். எழுந்து வந்து தையல்காரியின் முன்னால் குனிந்தார்.

"வலிக்குதா? காட்டு."

காட்டினாள். இரண்டு விரல் வைத்துப் பார்த்தார். ஆறிக்கொண்டுதான் வந்தது.

"அன்னைக்கு நான் சொல்ல வந்தேன்," என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு, மேசைமேல் இருந்த மணியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். அது அடிக்கவில்லை.

"உங்க விஷயத்துல தழும்பு ரொம்ப மெல்லிசா இருந்துச்சும்மா."

இடது தோள் அரை அங்குலம் இறங்கியது.